மேசையிலிருந்து எழுந்து போனவனுக்கு

அன்புள்ள மச்சான் சவரிமுத்துவுக்கு,

அன்புள்ள என்று போடச் சொன்னது உன் மருமகள் பிலோமினா. எனக்கு எழுத்து தெரியாது. நான் திட்டத் திட்ட அவள்தான் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். ராயபுரமே கேட்டாலும் கேட்கட்டும். நீ செத்து இந்தப் பன்னிரண்டு வருடத்தில் உன்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

உன் பிள்ளை அருளுக்கு எட்டு மாதமாக மலத்தில் ரத்தம். திருவொற்றியூர் பட்டறைச் சூட்டில் நிற்கிறேன், மூலம்தான் என்று உன்னைப் போலவே சொல்லித் திரிந்தான். என் தங்கை ரோஸ், உனக்கு அவித்த அதே கருணைக்கிழங்கை அவனுக்கும் அவித்துப் போட்டாள். புருஷன் கைலியில் கறையைப் பார்த்து என்னிடம் ஓடிவந்தது பிலோமினா. நான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மூலமில்லை, உள்ளே கோலிக்குண்டு அளவில் கட்டி என்றார். வயிற்றில் கத்தி வைக்க வேண்டாமாம். ஆசனவாய் வழியாகவே ஒரு சாண் குழாயை விட்டு, பல்பு வெளிச்சத்தில் கம்பிச் சுருக்கு மாட்டி, கரண்டுச் சூட்டில் அறுத்து எடுத்துவிடலாமாம். விட்டுவைத்தால் புற்றாக மாறலாமாம்.

வெளியே வந்ததும் அருள் என்ன சொன்னான் தெரியுமா?

"ஆம்பளைக்குப் பின்னால எவனும் டார்ச்சு அடிக்கக் கூடாதுன்னு எங்க நைனா சொல்லிகினே இருப்பாரு. கொயா எல்லாம் வோணாம் மாமா."

சொன்னவன் நீதானே? உனக்கும் இப்படி ரத்தம் போன அன்றைக்கு டாக்டர் உன்னை மேசையில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தாய். துறைமுக வாசல் டீக்கடையில் அதை நடித்தும் காட்டினாய். "கப்பல் சரக்கத் தூக்கற வின்ச்சு ஓட்டறவன்டா நானு, என்னையே பொரட்டிப் போடப் பாக்கறான்!" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், பாவி. ஒன்றரை வருடத்தில் குடல் அடைத்து, வயிற்றைக் கிழித்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் பையில் மலம் பிடித்தார்கள். பையைக் கழுவியது ரோஸ். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் காலத்தில் இந்தச் சுருக்குக் கம்பி இருந்ததோ இல்லையோ, பார்க்கவாவது விட்டிருக்கலாமே?

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வரை வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சார், எனக்கு மொதல்ல பாருங்க."

"உங்களுக்கு என்ன தொந்தரவு பெரியவரே?"

"என் தொந்தரவு வாசல்ல நிக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த வயதில் ஒருமுறை பார்ப்பது நல்லதுதான் என்றார். எழுபது வயதில் சோப்புத் தண்ணீர் எனிமா வாங்கினேன் மச்சான், உன்னால். வேட்டியை அவிழ்த்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தேன். குழாய் ஜில்லென்று இருந்தது. வலியென்று பெரிதாக இல்லை, மானம்தான் கொஞ்சம் காந்தியது.

அருள் பதறி உள்ளே வந்தான். "இன்னா மாமா இது, கலீஜா கீது! எய்ந்துரு!"

"உங்க நைனா எய்ந்து போய்த்தான்டா செத்தான். நீ கைலியக் கயட்டு."

பிறகு எனிமா அறை எங்கே என்று நர்ஸிடம் கேட்டான். மதியத்துக்குள் கட்டி கண்ணாடிக் குப்பியில் இருந்தது. மறுநாள் ரசம் சோறு கேட்டான். இவ்வளவுதானே மச்சான் அது?

குப்பியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை பதில் வரும். புற்று இறங்கியிருந்தால் வயிற்றைக் கிழித்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். உன் வீறாப்பில் போன எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவது? இந்த இடத்தில் பிலோமினா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நல்ல பதில் வந்தால் கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லுக்குச் சுண்ணாம்படித்துச் செவ்வந்தி வைப்பேன். கெட்டது வந்தால் அன்றைக்கும் வருவேன், பூ இல்லாமல். எதுவானாலும் உன் பிள்ளையை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போவது நான்தான். நீ பேசாமல் கிட.

ரோஸுக்கு அண்ணன்,
அருளுக்குத் தாய்மாமன்,
சூசை