மேற்கே சூலம்

1977 நவம்பர் 14, திங்கள்

தீபாவளி பட்சணம் தீர்ந்தது. டப்பாவின் அடியில் மிக்சர் தூள் மட்டும் மிச்சம்.

அவருக்குத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. தீவுக்குக் கப்பல் புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. வியாழக்கிழமை மீனாக்ஷிக்குப் பள்ளிக்கூடத்தில் டான்ஸ், பத்து வயதில் முதல் மேடை. "அதைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை கப்பலேறறேன்" என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். தீவோ இங்கிருந்து நேர் மேற்கு. பஞ்சாங்கத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். சிரிக்கிறார். "ஒரு கட்டி வெல்லத்தை வாயில போட்டுண்டு கிளம்பினா சூலம் ஓடிப்போயிடும்டீ. அதையும் அதே பஞ்சாங்கம்தானே பறயறது?"

எனக்கும் தெரியும். ஆனாலும் நான் விடப்போவதில்லை.

நவம்பர் 16, புதன்

ஜெயித்துவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது பலித்தது. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகில் வார்ஃப் வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். மீனாக்ஷி வரவில்லை. அப்பா கூப்பிட்டும் அறைக் கதவைத் திறக்கவில்லை. அவர் கதவுக்கு வெளியே நின்று, "அடுத்த தடவை நிச்சயம்டா கண்ணா" என்றார். நான் காப்பி ஆற்றுகிற பாவனையில் நின்றுகொண்டேன்.

நவம்பர் 17, வியாழன்

நன்றாக ஆடினாள். என்னைத் தவிர எல்லாரையும் பார்த்து ஆடினாள்.

நவம்பர் 18, வெள்ளி

காலையிலிருந்து வானம் கெட்டிருக்கிறது. எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம், இன்றைக்குக் கப்பல் கிளம்பவில்லையாம்.

"நல்ல வேளை, வாஞ்சிநாதன் புதனே போயிட்டான். இல்லேன்னா நடுக்கடல்ல மாட்டிண்டிருப்பான்" என்றாள்.

மாமிக்குக் கணக்குத் தப்பு. கப்பல்தான் கிளம்பவே இல்லையே. வெள்ளிக்கிழமை என்று இருந்திருந்தால் இப்போது இந்தக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். இதை நான் மாமியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

நேற்று மத்தியானத்திலிருந்து காற்று. இப்படி ஒரு காற்றை மட்டாஞ்சேரியில் நான் பார்த்ததில்லை. அடுக்களை ஓட்டில் பதினேழு ஓடு போயிற்று. தெருவில் தண்ணீர். கரண்ட் இல்லை. உப்புத்தண்ணீர் கிணற்றுக்குள் வந்துவிட்டதோ என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், இல்லை.

இங்கே கரையிலேயே இப்படி என்றால் அங்கே? மலை கிடையாது, மேடு கிடையாது. இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு நடந்தே போய்விடலாம், பத்து நிமிஷம் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

நவம்பர் 21, திங்கள்

பேப்பர் முழுக்க ஆந்திரா. அங்கே கடல் ஏறி ஆயிரக்கணக்கில் செத்துப்போயிருக்கிறார்கள். படத்தைப் பார்க்க முடியவில்லை. நம் தீவைப் பற்றி ஏதாவது உண்டா என்று விளம்பரங்கள்வரை தேடினேன். கடைசிப் பக்கத்தில் நாலு வரி: தீவுகளோடு வயர்லெஸ் தொடர்பு அறுந்துவிட்டது.

அவ்வளவுதானா? நாலு வரியா?

நவம்பர் 22, செவ்வாய்

மீனாக்ஷி ஐந்து நாளுக்குப் பிறகு இன்று வாயைத் திறந்தாள். "நீதானே அப்பாவைத் துரத்தினே."

நவம்பர் 23, புதன்

தீவு ஆபீசுக்குப் போனேன். நூறு பேர் இருக்கும். முக்கால்வாசி தீவுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கும் கொப்பரை விற்கவும் வந்து இங்கே அகப்பட்டுக்கொண்டவர்கள். குமாஸ்தா பாவம், தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் அறிஞ்சில்லா அம்மியாரே. நாளெ வரூ."

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு கிழவர் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வீடு, பிள்ளை, பேரன், எல்லாம் அங்கே. "மோளுடெ ஆரா அவிடெ?" என்று கேட்டார். வீட்டுக்காரர், ஸ்கூல் வாத்தியார் என்றேன். "மாஷோ! மாஷ் தீபாவளிக்குக் கரைக்குப் போயில்லே?" என்றார். போனார், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வரும் வழியில் படகில் யோசித்தேன். சூலமா காரணம்? வெல்லம் தின்றால் சரியாகிற சூலத்துக்கா அத்தனை பிடிவாதம்? வருஷத்தில் இரண்டு தடவை வருகிறவர், வந்த நாள் முதல் மீனாக்ஷி மீனாக்ஷி என்று அவளோடேயே இருந்தார். என்னைக் கேட்காமல் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். பெற்ற பெண்ணிடம் எனக்குப் பொறாமை. அதற்குப் பஞ்சாங்கத்தைத் துணைக்கு அழைத்தேன். கடவுளே, எழுதிவிட்டேன்.

நவம்பர் 25, வெள்ளி

கார்த்திகை. தெருவெல்லாம் விளக்கு. மாமி வந்து, "ஏண்டீ வாசல் இருட்டா கெடக்கு? அபசகுனமா இருக்கு, ஏத்து" என்றாள். ஏற்ற உட்கார்ந்தேன், திரி எண்ணெயில் முங்கிவிட்டது. மீனாக்ஷி என் கையிலிருந்து வாங்கி அவளே ஏற்றினாள்.

நவம்பர் 26

செய்தி இல்லை.

நவம்பர் 27, ஞாயிறு

இருக்கிறார்! இருக்கிறார்!

மாமா சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தார். நிவாரணக் கப்பல் போய்ச் சேர்ந்து பட்டியல் அனுப்பியிருக்கிறது. அதில் வாஞ்சிநாதன், ஆசிரியர் என்று இருக்கிறதாம். "நானே ரெண்டு தடவை படிச்சேன்டீ, வெஷமிக்காதே, கவலையே வேண்டாம்" என்றார். நான் அழுத அழுகையில் மாமி பயந்துபோனாள். மீனாக்ஷி ஓடிப்போய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

டிசம்பர் 9, வெள்ளி

வந்துவிட்டார். தாடி. பாதி ஆளாகிவிட்டார். இடுப்பில் யாருடையதோ கட்டம் போட்ட கைலி. மீனாக்ஷி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் விடவே இல்லை.

சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். புயலன்று மத்தியானம் மூணு மணிக்கு ஸ்கூல் கூரை போயிற்றாம். பியூன் முகமது இஸ்மாயில் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினாராம். கல் கட்டடம் அது ஒன்றுதான். தென்னை மரமெல்லாம் ஒரே திசையில் படுத்ததாம். இஸ்மாயில் மனைவி பீபாத்து பின்னால் ஓடிவரும்போது மரம் காலில் விழுந்து எலும்பு முறிந்ததாம். உள்ளே ஊரே நெருக்கிக்கொண்டு நின்றார்களாம்.

"என்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு முழுக்க ஒன்னைத்தான் திட்டிண்டிருந்தேன். பயம் தெரியாம இருக்கறதுக்கு அது சௌகர்யமா இருந்தது" என்றார்.

நான் எதற்காகப் பிடிவாதம் பிடித்தேன் என்று சொன்னேன். சூலத்துக்காக இல்லை என்று. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இதைக் குழந்தைகிட்ட சொல்லு" என்றார்.

டிசம்பர் 10

சொன்னேன். பத்து வயதுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். சுலபமாக இல்லை. சாயங்காலம் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 12, திங்கள்

இன்னொன்றை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாராம், சொல்லப் பயந்துகொண்டு. அரிசியெல்லாம் உப்புத்தண்ணீரில் போய்விட்டது. இரண்டு நாள் தேங்காயை மட்டும் தின்று வயிற்றுப்போக்கு வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். மிச்சமிருந்தது மாசி ஒன்றுதான், வேகவைத்துக் காயப்போட்ட சூரை மீன். பீபாத்து ஒடிந்த காலை நீட்டிக்கொண்டு, அதைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு இவர் வாயில் கொடுத்தாளாம்.

"வேண்டாம்னு பறஞ்சேன். 'மாஷெ, ஜீவன் போயால் பின்னெ எந்து ஆசாரம்'னா. தின்னேன். நாலு நாள் தின்னேன்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அடுக்களையில் இருந்த மாமி காதில் விழுந்துவிட்டது. "பரவாயில்லை, சாஸ்திரிகளைக் கூப்பிட்டுப் பிராயச்சித்தம் பண்ணிடலாம். தப்பு உண்டாகாது" என்றாள், நல்லெண்ணத்தோடுதான்.

"எதுக்குப் பிராயச்சித்தம் மாமி? உயிரோட இருக்கறதுக்கா?" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். மாமி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

1978 ஜனவரி 17, செவ்வாய்

தீவில் ஸ்கூலுக்கு இன்னும் கூரை போடவில்லை, அதனால் அவர் இங்கேதான் இருக்கிறார். இஸ்மாயில் பீபாத்துவைக் கப்பலில் கூட்டிவந்தார், எறணாகுளம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. மறுபடி உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாசம் கட்டு. இஸ்மாயில் லாட்ஜில் தங்குவதாகச் சொன்னார். ஒடிந்த காலோடு மூன்றாவது மாடி ஏறவா? பேச்சே வேண்டாம் என்று இங்கே கூட்டிவந்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தெருவில் யார் வீட்டிலும் இப்படி நடந்ததில்லை.

ஜனவரி 24

மாமி ஒரு வாரமாக வரவில்லை. பீபாத்து பெரிய வாயாடி. என் சாம்பாரை நாசூக்காக ஒதுக்குகிறாள். நாளுக்கு நாள் இளைக்கிறாள். நன்றாகச் சாப்பிட்டால்தான் எலும்பு கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம் இத்தாத்தா, எல்லாம் நல்ல ருசி" என்கிறாள், என்னை அக்கா முறை வைத்து. பொய்.

ஜனவரி 27, வெள்ளி

காலை பத்து மணி. மீன்காரி எப்போதும் எங்கள் தெரு முனையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவாள். இன்று வாசலில் நின்று கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டதும் வந்து, பயந்துகொண்டே கூடையை இறக்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் மாமி. மற்ற ஜன்னல்களிலும் தலைகள். மூக்கைப் பொத்த வந்த கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

எது நல்லது, எப்படிப் பார்ப்பது, ஒன்றும் தெரியாமல் நின்றேன். மீனாக்ஷி பக்கத்தில் வந்து நின்று, "எது புதுசு சேச்சி?" என்று கேட்டாள்.

மீன்காரி ஒரு அயிலை மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சிவப்பாக இருந்தால் இன்றைக்குப் பிடித்ததாம். குனிந்து பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. நாலு வாங்கினேன்.