தலைவர் என்பது ஒரு பாத்தியின் பெயர்

அனுப்புநர்
கோ. சகாதேவன் (வயது 49),
உப்பளத் தொழிலாளி,
அளத்தெரு, மரக்காணம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: நான் பேசிய பேச்சுக்காகக் கோட்டக்குப்பம் அஹமது கபீர் இருபத்து நான்கு நாட்களாகச் சிறையில் இருப்பது – அவருடைய கைப்பேசியை இணையத் தொடர்பில்லாமல் திறந்து கேட்கவும், அவரை விடுவித்து என்னை விசாரிக்கவும் வேண்டுதல் – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறேன். பாத்தி மிதிப்பதும் உப்பு வாருவதும் என் தொழில். பொழுதுபோக்கு என்று எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஃபேஸ்புக்கில் ‘உப்புக்குச் சப்பாணி’ என்ற பெயரில் ஒரு பக்கம் வைத்து, நாட்டு நடப்பைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதுவேன். எண்ணூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவதற்கென்றே வருகிறவர்கள். எந்தக் கட்சியையும் நான் விட்டு வைத்ததில்லை. ஆட்டத்தில் சேர்க்காதவனுக்கு எல்லா ஆட்டமும் நன்றாகத் தெரியும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

2. சென்ற மார்கழியில் ஒரு கட்சித் தலைவர் எங்கள் அளத்துக்கு வந்து, உப்பு வாரும் வாருபலகையைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அந்தப் படத்தைப் போட்டு, “பலகை பிடிக்கத் தெரியாவிட்டாலும் படம் பிடிக்கத் தெரிகிறது” என்று எழுதினேன். நாலாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். அன்றே அந்தக் கட்சியின் தாலுகா இணைய அணியைச் சேர்ந்த அறிவழகன் என் வீட்டு வாசலுக்கு வந்து, இதற்கெல்லாம் ஒரு நாள் கணக்கு வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

3. இனி வழக்குக்கு வருகிறேன். எங்கள் அளத்தில் பாத்திகளுக்குப் பெயர் உண்டு. நாற்பது வருடத்துக்கு முன்பு உப்புச் சங்கத் தலைவர் ஒருவர் குத்தகை எடுத்திருந்த பாத்திக்குத் தலைவர் பாத்தி என்று பெயர். அவர் இறந்துபோய்ப் பல காலமாகிறது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எவ்வளவு வெயில் அடித்தாலும் காயாத ஒரு பாத்திக்கு மாமியார் பாத்தி என்று பெயர். பேச்சில் ‘பாத்தி’ என்ற சொல்லை நாங்கள் சேர்ப்பதில்லை, ‘தலைவர்’, ‘மாமியார்’ என்றுதான் சொல்வோம். மழைக்காலம் முடிந்ததும் ஊறிப்போன சேற்றைக் காலால் மிதித்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினால்தான் உப்பு இறங்கும். வருடா வருடம் நாங்கள் மாமியாரை மிதிக்கிறோம். இதுவரை எந்த மாமியாரும் காவல் நிலையத்துக்கு வந்ததில்லை.

4. அஹமது கபீர் சவூதியில் தம்மாமில் பதினோரு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். இந்த வருடம் தலைவர் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர்தான். 18.01.2025 காலையில், எங்கள் வேலைக்காரர்கள் பத்தொன்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் நான் குரல்பதிவு ஒன்று போட்டேன். கிட்டத்தட்ட இரண்டு நிமிடப் பதிவு. போன மழையில் வரப்பு கரைந்தது, சேறு ஊறியது என்று தொடங்கி, மிதித்து முடித்ததும் தண்ணீர் கட்டிவிடலாம், டீயும் வடையும் பாய் செலவு என்று முடிப்பேன். நடுவில் உள்ளது இது:

“செவ்வாக்கெழம தலைவரை மிதிச்சிடணும்பா. கபீர் பாய் பத்து ஆளு கூட்டிட்டு வர்றாரு. காலு மட்டும் பத்தாது, கட்டையும் எடுத்துட்டு வாங்க.”

அதே செவ்வாய்க்கிழமை மேற்படி கட்சித் தலைவர் மறுபடியும் மரக்காணம் வருவதாக இருந்தது. சத்தியமாக எனக்கு அது தெரியாது.

5. அறிவழகனும் எங்கள் குழுவில் இருந்தார். அவர் அப்பாவுக்கும் அளத்தில் பங்கு உண்டு. தலைவர் என்றால் எந்தத் தலைவர் என்பது அவருக்குப் பால்குடி காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தே அந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மறுநாள் மாலை வெளியே விட்டார். கூடவே கபீர் பாயின் பழைய படம் ஒன்று. தாடி வைத்துக்கொண்டு தம்மாம் விமான நிலையத்தில் நிற்கிறார். இந்த நாட்டில் அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஒரு மணி நேரத்தில் அவரை யாரென்றே தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவருக்குத் தண்டனை எழுதினார்கள். பாதிப் பேர் பதிவைக் கேட்கவே இல்லை, படத்தைப் பார்த்ததோடு சரி.

6. 20ஆம் தேதி காலையில் கபீர் பாயைக் கைது செய்து, அவர் கைப்பேசியை அணைத்து எடுத்துச் சென்றார்கள். கலவரத்தைத் தூண்டியதாகவும் கொலை மிரட்டல் விடுத்ததாகவும் வழக்கு. அந்தப் பதிவில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

7. இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையம் போய், அந்தக் குரல் என்னுடையது, என்னைப் பிடியுங்கள் என்றேன். அங்கிருந்த அதிகாரி என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், சாதியையும் கேட்டார். பிறகு, “அதுல உம் பேரு வரலியேப்பா. போய் பொழப்பப் பாரு” என்று அனுப்பிவிட்டார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு பேசுகிற பழக்கம் தலைவர்களுக்குத்தான் உண்டு ஐயா, பாத்தி மிதிப்பவனுக்கு இல்லை.

8. இதுவரை எழுதியது பிறர் செய்த குற்றம். இனி என் குற்றம். கைதான செய்தி கேட்டதும் பயந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குரல்பதிவை எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அழியும்படி அழித்துவிட்டேன். ஃபேஸ்புக் பக்கத்தையும் மூடினேன். கபீர் பாய் நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த முழுப் பதிவுதான். அதை என் கட்டைவிரலாலேயே அழித்தேன். அறிவழகன் தன்னிடமும் முழுப் பதிவு இல்லை என்கிறார்.

9. கபீர் பாயின் மனைவி அமீனா அவர்களிடம் போய் இதைச் சொன்னேன். அவர்கள் மகள் ஹுமா பிளஸ் டூ படிக்கிறாள். வகுப்புக் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்களாம், பள்ளிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அமீனா என்னைத் திட்டவில்லை. “நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சீங்கண்ணே. உள்ள போனது அவரு” என்று மட்டும் சொன்னார்கள்.

10. பேருந்து நிலையம் அருகே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தேவா ஒரு விஷயம் சொன்னார். நான் பதிவை அழித்தபோது கபீர் பாயின் கைப்பேசி அணைந்து தங்கள் துறையின் வசம் இருந்தது. ஆகவே அந்த ஒரு கைப்பேசியில் மட்டும் முழுப் பதிவும் இன்னும் அழியாமல் இருக்கும். ஆனால் அதை இணையத் தொடர்போடு திறந்த மறு நிமிடம், நான் அன்று கொடுத்த அழிப்பு அங்கேயும் போய்ச் சேர்ந்து, அதுவும் போய்விடும். வரும் 17ஆம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்பாக, 14ஆம் தேதி கைப்பேசியைத் திறந்து பார்க்கப் போவதாக நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். சிம்மைக் கழற்றிவிட்டு, வைஃபை இல்லாமல் திறக்க வேண்டும் என்று போய்ச் சொன்னேன். எனக்கே பாடம் நடத்துறியா என்று கேட்டார்கள்.

11. ஆகவே ஐயா அவர்கள், அந்தக் கைப்பேசியை விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு, இணையம் இல்லாமல், என் முன்னிலையிலும் அமீனா அவர்கள் முன்னிலையிலும் திறக்கச் செய்து, பதிவை முதலிலிருந்து கடைசி வரை கேட்க வேண்டும். என் குரலைப் பரிசோதிக்க வேண்டும். நேரமிருந்தால் அளத்துக்கு வந்து தலைவரைத் தங்கள் காலாலேயே மிதித்துப் பார்க்க வேண்டும். இந்த வருடம் அதை மிதிக்க ஆளில்லை. யாரைக் கூப்பிட்டாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் வர மாட்டேன் என்கிறார்கள். சேறு அப்படியே கிடக்கிறது.

12. கடைசியாக ஒன்று. தினமும் காலையில் கபீர் பாயின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் “சலாம் பாய்” என்று ஒரு செய்தி அனுப்புகிறேன். அவர் படிப்பார் என்று அல்ல. செய்தியின் கீழே ஒற்றை டிக் இருக்கும்வரை அந்தக் கைப்பேசி அணைந்திருக்கிறது, பதிவு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். இரண்டாவது டிக் விழுந்தால் யாரோ திறந்துவிட்டார்கள், என் அழிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். இந்த மனுவை எழுதி முடிக்கும் இன்று காலை பத்து மணி வரை ஒற்றை டிக்தான் இருக்கிறது ஐயா.

நாள்: 12.02.2025
இடம்: மரக்காணம்

இப்படிக்கு,
அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன்,
(ஒப்பம்) கோ. சகாதேவன்