வாசல் பலகை

மார்ச் 4
மகளுக்கு ஐந்தாம் மாதம். வாசலில் நானே பலகை எழுதி மாட்டினேன்: ‘சளி, காய்ச்சல், கொப்புளம் உள்ளவர்கள் இப்படியே திரும்பவும்.’ ஊருக்கெல்லாம் கடைப்பலகை எழுதுகிறவன் நான். என் வீட்டுப் பலகையில் கடைசி ‘ம்’ இடமில்லாமல் கீழே தொங்குகிறது. மருமகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

என் கிட்னி ஒன்று அவளுக்குள் ஓடுகிறது, என்னிடம் இருந்ததைவிட ஒழுங்காக. அதை உடம்பு தள்ளாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையே நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும்.

மார்ச் 9
அக்கா தன் பேத்தியோடு வந்தாள். பிள்ளை கழுத்தில் சிவப்புச் சிவப்பாய்.

“கொசு கடிச்சதுடா. போர்டு மாட்டிட்டா நீ என்ன பெரிய டாக்டரா?”

நான் பால் வாங்கி வருவதற்குள் பிள்ளை மகள் மடியில் தூங்கிவிட்டது.

மார்ச் 10
அந்தப் பிள்ளைக்குச் சின்னம்மையாம். கொசுவாம்! என் வாயில் வருவதை எழுதினால் தாள் கிழியும். போனில் யோசனை வேறு: “அந்த மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லேன், தெம்பு வரும்.” நிறுத்தினால் கிட்னி போய்விடும் அக்கா. உன் தம்பி கிட்னி!

மார்ச் 11
ரத்தப் பரிசோதனை: மகளுக்கு அம்மையை எதிர்க்கும் சக்தி துளியும் இல்லை. எதிர்ப்பு ஊசியைச் சீக்கிரம் போட வேண்டும். மகப்பேறு டாக்டர், “கிட்னி டாக்டர் சொல்லணும்” என்கிறார். அவரோ, “கர்ப்பிணி ஆச்சே, அவங்கதான் முடிவெடுக்கணும்” என்கிறார். நடுவில் மூன்று மாடி. ஏறி இறங்குவது நான். யோவ், இருக்கறது ஒரே உடம்புய்யா! மேல்மாடி, கீழ்மாடின்னு பிரிச்சா வச்சிருக்கு?

மார்ச் 12
கிட்னி டாக்டரைப் போனில் பிடித்து, “வெச்சிடாதீங்க சார்” என்று கெஞ்சியபடியே மகப்பேறு டாக்டர் அறைக்குள் நுழைந்து, அவர் கையில் போனைத் திணித்தேன்.

“பேசுங்க மேடம். முடிவு தெரியாம எழுந்திரிக்க மாட்டேன்.”

வீரமாக உட்கார்ந்தேன். அது டாக்டருடைய நாற்காலி என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. எழவில்லை.

பேசினார்கள். ஐந்தே நிமிடம்! மாலையில் ஊசி.

மார்ச் 20
தினமும் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். “அப்பா, அது மச்சம்.”

மார்ச் 24
காய்ச்சல். முதுகில் நாலைந்து கொப்புளம். உடனே சேர்த்து, நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். இப்போது இரண்டு டாக்டரும் சேர்ந்தே வருகிறார்கள். இதை அன்றைக்கே செய்தால் என்னவாம்?

ஏப்ரல் 2
வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊசி போட்டதால்தான் லேசாகப் போயிற்றாம்.

ஜூலை 3
பிறந்த என் பேத்தி இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்தே எனக்குத் தும்மல். மகள் வாசலை மறித்து, பலகையைக் காட்டினாள். “படிக்கத் தெரியும்ல?”

படியில் அக்கா, முகக்கவசத்தோடு. “நான் கேட்டுட்டுத்தான்டா வந்தேன்” என்றாள், என்னைப் பார்க்காமல். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஜன்னல் வழியே பேத்தியைத் தூக்கிக் காட்டினார்கள். மூக்கு மட்டும் தெரிந்தது.

தூரிகையை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வெளியேதானே நிற்கிறேன், அந்த ‘ம்’மையாவது சரிசெய்யலாம்.