அட்சயா நிற்க வேண்டிய இடம்

மில்லிக்கன்,
21 ஒக்ரோபர் 1996

மதிப்புக்குரிய பயிற்சியாளர் யேசுரட்ணம் அவர்களுக்கு,

ஆட்டம் நடந்த அன்று பெற்றோர் யாரும் உங்களுடன் கதைக்கக் கூடாது, ஒரு நாள் பொறுத்து, சொல்ல வேண்டியதை எழுதித் தர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் பாதியாகிவிடும். நீங்களும் யாழ்ப்பாணத்து ஆள் என்றபடியால் தமிழில் எழுதி, மகளின் ஐஸ் ஹொக்கிப் பையில் வைத்து அனுப்புகிறேன்.

நான் அட்சயாவின் தாய். அந்தக் குழுவில் இருக்கும் ஒரே பெண் பிள்ளை அவள்தான். பதினொரு வயது. கோல்கீப்பராக நிற்கப்போகிறேன் என்று தானாகத்தான் கேட்டாள். அவளுடைய அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோவிலில் காண்கிறவர்கள், "பொம்பிளைப் பிள்ளையின்ர முகத்தில பட்டால் என்ன செய்வியள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு உங்களிடம் கொண்டுவந்து விட்டால், ஒரு மாதமாகப் பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டை அவள் பக்கம் அடிக்க நீங்கள் ஒருவரையும் விடவில்லை. கையிலிருந்த மட்டையையும் வாங்கி வைத்துவிட்டு, வலையின் ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்கு வழுக்கிப் போய் வரச் சொல்கிறீர்கள். மற்றப் பிள்ளைகள் கோல் அடித்துப் பழக, என் பிள்ளை நிலம் துடைக்கிறவள் மாதிரி அங்கும் இங்கும் போகிறாள்.

அதன் பலன் சனிக்கிழமை தெரிந்தது. ஏழு கோல். நாலாவதோடாவது அவளை வெளியே எடுத்து, மற்றக் கோல்கீப்பர் பிரையனை விடுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஒரு பிள்ளையை அப்படி நிற்க வைத்துப் பார்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அடுத்த ஆட்டம் பிரையனுக்காம். அவளைவிட அவன் திறம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு எதற்கு இந்த மாறி மாறி நிற்கிற விளையாட்டு? எனக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
திருமதி புனிதவதி இராஜரட்ணம்

ஸ்காபரோ,
24 ஒக்ரோபர் 1996

தங்கச்சி புனிதவதிக்கு,

கடிதம் கிடைத்தது. பைக்குள் இருந்த ஈரத்தில் மை ஊறிவிட்டது. ஆனாலும் கோபம் முழுவதையும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

எழுபதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நான் பார்க்டேலில் ஓர் அறை எடுத்து இருந்தேன். என்னோடு வேலை செய்த பெடியன்கள் ஹொக்கிக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். கோலுக்கு நிற்க ஆள் இல்லை. ஊரில் கால்பந்துக்குக் கோல்கீப்பராக நின்றவன்தானே என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் பாய்ந்து பாய்ந்து பிடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பிழையான இடத்தில் நின்றபடியால்தான் ஒவ்வொரு முறையும் பாய வேண்டி வந்தது என்பது எனக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

அட்சயாவுக்குக் கை வேகம். அதுதான் எனக்குப் பயம். கை வேகமான பிள்ளை காலைப் பழகாது. இந்த வயதில் கையால் தப்பலாம். பதினாறு வயதுப் பிள்ளைகள் அடிக்கிற அடியில் கை போய்ச் சேருமுன் கோல் விழுந்துவிடும். முதலில் கால், பிறகு கண், கடைசியில்தான் கை. நான் அவளை அடுத்த சனிக்கிழமைக்காகப் பழக்கவில்லை.

வெளியே எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். காயம் பட்டால் எடுப்பேன். கோல் விட்டதற்காக ஒருநாளும் எடுக்கமாட்டேன். அப்படி ஒருமுறை எடுத்தால், பிறகு அந்தப் பிள்ளை பக்கைப் பார்க்காது. என் முகத்தைத்தான் பார்க்கும்.

ஆட்டம் முடிந்ததும் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏழு கோலிலயும் எத்தினைக்கு நீ நிக்கவேண்டிய இடத்தில நிண்டனி?" யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு, கோச். மற்றதுக்கெல்லாம் ஐ வாஸ் லேற்." அவள் அழவில்லை. பசிக்கிறது என்றாள்.

பதின்மூன்று வயதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி ஆட்டம். யார் நல்ல கோல்கீப்பராக வருவார் என்று இந்த வயதில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் ஆளை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இனி முகத்தைப் பொத்துவதென்றால், அவள் கண்ணில் படாத இடத்தில் இருந்து பொத்துங்கள்.

அன்புடன்,
யேசுரட்ணம்

மில்லிக்கன்,
16 டிசம்பர் 1996

யேசுரட்ணம் அண்ணைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம், கீழ்வீட்டுக்காரரைத் தவிர. அட்சயா காலுறைகளைப் பந்தாகச் சுருட்டி, வீட்டுக்குள் நடையில் நின்று தடுத்துப் பழகுகிறாள். எறிவது யார் தெரியுமா? இந்த விளையாட்டே வேண்டாம் என்ற அவளுடைய அப்பாதான். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் தொடங்கிவிடுகிறார். கீழ்வீட்டு அன்ரி இரண்டு தரம் மேலே வந்துவிட்டா. நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அறீனாவில் மேல் வரிசைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு தூண் மறைக்கிறது. பாதி ஆட்டம்தான் தெரிகிறது.

தெரிந்த பாதியில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை எதிர்க் குழுவின் அந்த நெட்டைப் பெடியன் தனியாக வந்தான். இவள் பாயவில்லை, விழவில்லை. இரண்டடி முன்னால் வந்து சும்மா நின்றாள். பக் நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. அவன்தான் நேரே அவளுக்கு அடித்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். மேல் வரிசையில் எனக்கு மட்டும் விளங்கியது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெப்ரவரியில் சுற்றுப்போட்டி வருகிறது. இறுதி ஆட்டத்துக்கு வந்தால் அட்சயாவை விடுங்கள். மற்ற எல்லா ஆட்டத்தையும் பிரையனுக்கே கொடுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன்.

பயற்றம் பணியாரம் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
புனிதவதி

ஸ்காபரோ,
19 டிசம்பர் 1996

தங்கச்சிக்கு,

பணியாரம் கிடைத்தது. மிகவும் நன்றாக இருந்தது. கடிதத்தில் கேட்டதற்கும் பணியாரத்துக்கும் தொடர்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தால் அது பிரையனின் முறை. பருவத் தொடக்கத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெற்றோருக்குத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரையனின் தகப்பனும் போன கிழமை இதே விஷயமாக எழுதியிருந்தார். இறுதி ஆட்டம் என்றால் அட்சயாவை விடட்டாம், மகனுக்குப் பயமாம். அவருக்கும் மாட்டேன் என்றுதான் எழுதினேன்.

அவள் இரண்டடி முன்னால் வந்ததைக் கண்டுபிடித்தீர்களே, அதற்காகத் தனியாக நன்றி.

யேசுரட்ணம்

மில்லிக்கன்,
24 பெப்ரவரி 1997

பயிற்சியாளர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி ஒரு நாள் பொறுத்துவிட்டேன். ஆறவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோல்வி, ஐந்துக்கு நாலு. கடைசி நிமிடத்தில் பிரையனின் காலுக்கு நடுவால் போன பக்கை என் கடைக்குட்டியே நிறுத்தியிருப்பான். பயம் என்று தகப்பனே எழுதிக் கொடுத்த பிள்ளையை வலைக்கு முன்னால் நிறுத்தினீர்கள். அதைவிடத் திறமான பிள்ளை, மாற்று ஆட்கள் போய்வரும் கதவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் முதல் ஆளாகப் போய் அவனுடைய தலைக்கவசத்தில் தன்னுடையதை முட்டினாள். பார்த்தவர்கள் எல்லாம் நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல பிள்ளையாக இருந்து என்ன கண்டாள்? ஒரு கிண்ணம் வாங்க வேண்டிய கையால் கதவைத் திறந்தாள்.

நீங்கள் பிள்ளைகளை வளர்க்கவில்லை, யேசுரட்ணம் அண்ணை. உங்கள் கொள்கையை வளர்க்கிறீர்கள். பிள்ளைகள் அதற்குப் போடுகிற பசளை.

அஜக்ஸில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அந்தப் பயிற்சியாளர் அட்சயாவைப் பார்த்துவிட்டு, வருகிற பருவம் எல்லா ஆட்டமும் அவளுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். இத்துடன் உள்ள குழு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து அனுப்பவும்.

புனிதவதி இராஜரட்ணம்

ஸ்காபரோ,
27 பெப்ரவரி 1997

தங்கச்சிக்கு,

கையெழுத்து வைத்திருக்கிறேன்.

தோற்றது எனக்கு ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்சயா நின்றிருந்தால் வென்றிருப்போம். அது எனக்கு ஆட்டத்துக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் பிரையனை விட்டேன். அந்தப் பிள்ளையைத் தகப்பன் நம்பவில்லை. நானும் நம்பாவிட்டால் அவன் இனி எங்கே போய் நிற்பான்?

ஒரு கேள்வி. அஜக்ஸுக்குப் போக விருப்பமா என்று அவளைக் கேட்டீர்களா? இல்லை, அதுவும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்களா?

யேசுரட்ணம்

மில்லிக்கன்,
12 ஜனவரி 1998

யேசுரட்ணம் அண்ணைக்கு,

பத்து மாதம் எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினையுங்கள். புது வருடம் உங்களுக்கு நல்லபடி அமைய வேண்டும்.

அவளைக் கேட்டுத்தான் கூட்டிப்போனேன். அங்கே பெண் பிள்ளைகளோடு சேர்ந்தது அவளுக்கு நல்ல சந்தோசம். மற்றக் கோல்கீப்பர் லோறன் என்ற பிள்ளை நெருங்கிய சிநேகிதி. எல்லா ஆட்டமும் அட்சயாவுக்கே. வென்றார்கள், வென்றுகொண்டே இருந்தார்கள். வீட்டு அலுமாரியில் இரண்டு பதக்கம் தொங்குகிறது. உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று இரண்டு தரம் பேனா எடுத்தேன்.

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய ஆட்டத்தில் தொடக்கத்திலேயே மூன்று கோல் விழுந்தது. அந்தப் பயிற்சியாளர் கையைத் தூக்கி அவளை வரச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க ஐஸின் நடுவால் வந்து, மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கில் இருந்தாள். நான் ஒரு வருடத்துக்கு முதல் உங்களிடம் கேட்டதைத்தான் அந்த மனிசன் செய்தார். அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் எனக்கு வாயில்லை.

அடுத்த கிழமை காருக்குள் கேட்டாள்: "அம்மா, எத்தினை கோல் விட்டால் எடுப்பினம்? மூண்டா, நாலா?" இப்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் தலை வாங்குப் பக்கம் திரும்புகிறது. நீங்கள் எழுதியது அப்படியே நடக்கிறது. இதை வாசிக்க உங்களுக்குத் திருப்தியாக இருக்குமோ தெரியாது. ஆட்டம் உள்ள நாள் விடிந்தால் வயிற்றுக்குத்து. வைத்தியரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை என்கிறார்.

அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணை. மாறி மாறி நிற்கட்டும். நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

தங்கச்சி,
புனிதவதி

ஸ்காபரோ,
17 ஜனவரி 1998

தங்கச்சிக்கு,

திருப்தியாக இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், நேற்றே தள்ளி முடித்த பனியைத் திரும்பத் தள்ளினேன்.

என்னிடம் இப்போது இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரையனும், புதிதாக வந்த ஒரு பிள்ளையும். பாதிப் பாதி. அட்சயாவைச் சேர்த்தால் இருவரில் ஒருவரின் ஆட்டத்தைப் பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். பருவத்தின் நடுவில் அதைச் செய்தால், அஜக்ஸ்காரர் உங்கள் பிள்ளைக்குச் செய்ததை நான் இன்னொருவரின் பிள்ளைக்குச் செய்கிறேன். என்னால் முடியாது. இதை எழுத எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது. கொள்கையை வளர்க்கிறேன் என்று எழுதினீர்கள். எழுதுங்கள், திரும்பவும் எழுதுங்கள்.

செவ்வாய் மாலையில் கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி வைக்கிறேன். ஆட்டம் இல்லை, எண்ணிக்கை இல்லை, பார்வையாளரும் இல்லை. அதற்கு அவள் வரலாம். ஆனால் இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டுங்கள். முடிவை அவள் எடுக்கட்டும். நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம்.

அன்புடன்,
யேசுரட்ணம்

மில்லிக்கன்,
9 மார்ச் 1998

அன்புள்ள யேசுரட்ணம் அண்ணைக்கு,

வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். அஜக்ஸில் அடுத்த பயிற்சிக்குப் போனதும் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பயிற்சியாளரிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்: தானும் லோறனும் ஆளுக்கொரு ஆட்டம் நிற்கப்போகிறார்களாம். நிற்கிற ஆள், எத்தனை கோல் விழுந்தாலும் முடியுமட்டும் நிற்க வேண்டுமாம். சரிவராது என்றால் தான் இனிக் கோலுக்கு நிற்கப்போவதில்லையாம்.

அந்த மனிசன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தேன் என்பது போல. எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையாட்டினேன். உண்மையிலேயே தெரியாது. இரண்டு கிழமை யோசித்துவிட்டு, வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார்.

முதலாம் இடத்தில் இருந்த குழு இப்போது மூன்றாம் இடம். உங்கள் மகளுக்குக் களைப்போ என்று ஒரு தாய் என்னிடம் கேட்கிறா. அவளுக்கு ஆட்டம் வேண்டும் என்று நான் உங்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, பயிற்சியாளரையும் மாற்றியிருக்கிறேன். இவள் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள். பொறுக்க முடியாமல், "உனக்கென்ன விசரே?" என்று காருக்குள் கத்திவிட்டேன்.

"லோறன் இவ்வளவு நாளும் வாங்கில இருந்தவள், அம்மா. ஷீ இஸ் குட். ஒருத்தரும் பாக்கேல்லை. நீங்களும்தான் பாக்கேல்லை," என்றாள்.

வயிற்றுக்குத்து நின்றுவிட்டது. நேற்று ஐந்து கோல் விழுந்தது. ஒருதரம்கூட வாங்குப் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமைகளுக்கு உங்களிடம் வரமாட்டாளாம். அன்றைக்கு லோறனும் அவளும் சேர்ந்து பழகுகிறார்கள். இரண்டு பேரும் மட்டையில்லாமல் கம்பத்துக்குக் கம்பம் போய்வருகிறார்கள். உங்களிடம் சொல்லச் சொன்னாள். எழுதிக் கொடு என்றேன். தமிழில் எழுத வெட்கமாம், ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்குப் பிடிக்காதாம். இதை எழுதும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. அவள் வருவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் இருபத்திரண்டாம் திகதி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, அஜக்ஸ் அறீனாவில். அன்றைக்கு லோறனின் முறை. அட்சயா நிற்கமாட்டாள்.

வாங்கோ அண்ணை.

உங்கள் தங்கச்சி,
புனிதவதி