அய்யாவின் சுகர் மாத்திரை

மார்ச் 4, 2024

மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழவே பிடிக்கவில்லை. இன்று அய்யா ராமநாதபுரத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனார். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டார் டாக்டர்.

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க," என்றார் அய்யா.

மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். பஸ்ஸில் அய்யா இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். சுகர்காரர்.

மார்ச் 19

தூக்கமே தேவைப்படவில்லை! வாலிநோக்கத்து உப்பளம் முழுவதையும் நானே நடத்துவேன். இந்தத் துர்கா யாரென்று காட்டுகிறேன்.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள். நான் செய்ததை அம்மா இன்றுதான் சொன்னாள். பக்கத்து உப்பளத்து முருகலட்சுமி அக்கா அள்ளவிருந்த உப்புப் பாத்திகளில் மடையைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டேனாம். அத்தனை உப்பும் கரைந்துபோனது. தடுக்க வந்தவளைக் கீழே தள்ளியும் இருக்கிறேன். இனி எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பேன்?

புது டாக்டர் இதை பைபோலார் என்கிறார்; சோர்வும் எல்லை மீறிய வேகமும் மாறிமாறி வரும் நோயாம். சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் சிலருக்கு இப்படி எகிறிவிடுமாம். குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கவனமாக இருந்திருப்பார்களாம்.

ஏப்ரல் 12

எனக்கு லித்தியம் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்; தாகம் எடுக்குமாம், அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டுமாம். அய்யாவின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சுகர் மாத்திரை என்று அவர் சொல்லிவந்த அட்டையிலும் அதே பெயர்.

இருபத்திரண்டு வருடப் பொய்! மதுரைக்குப் போய் ரத்தம் சோதித்தது, தீராத தாகம், சீனி போடாத டீ — சுகர் என்று சொல்ல எல்லாமே வசதியாகப் பொருந்தியிருக்கிறது. டாக்டரிடம்கூட ஏன் மறைத்தார் என்று அய்யாவைக் கேட்டேன்.

"ஒன் தங்கச்சிக்கு சம்பந்தம் பேசுற நேரம் தாயி."

அப்ப நான்? என்னைய என்னான்னு நெனச்சீக?

மே 5

நாலு நாளாக அய்யா கூலி வாங்காமல் முருகலட்சுமி அக்காவின் பாத்தியில் உப்பு வாருகிறார். வாரட்டும். அதற்காகவெல்லாம் நான் அவரோடு பேசிவிட மாட்டேன்.

மே 26

சாயல்குடியிலிருந்து தங்கை யோகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். என்னை உள்ளேயே இருக்கச் சொன்னாள் அம்மா. பற்றிக்கொண்டு வந்தது. டீத் தட்டை நானே எடுத்துப்போனேன். சீனி இல்லாத டம்ளரை அய்யாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கும் சீனி போட்டே கொண்டா தாயி. எனக்குச் சுகர் இல்ல."

பிறகு வந்தவர்களிடம் தன் நோயைச் சொன்னார். என்னைக் கேட்காமலே என் நோயையும் சொன்னார். அதற்கும் எனக்குக் கோபம்தான். மாப்பிள்ளையின் அம்மா சோணையம்மாள் டீயைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

ஜூன் 2

சம்பந்தம் வேண்டாமாம். யோகா அய்யாவைத்தான் திட்டினாள், என்னை இல்லை.

ஜூன் 9

சோணையம்மாள் எனக்கு போன் செய்தார். அவருடைய மூத்த மகன் நாலு மாதமாகப் படுக்கையை விட்டு எழவே இல்லையாம். எந்த டாக்டர் என்று கேட்டார்.

"அவுக அப்பாவும் இப்படித்தேன். வெளிய சொல்லிராத தாயி."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. டாக்டர் விலாசத்தைச் சொன்னேன்.

"குடும்பத்துல யாருக்காச்சும் உண்டான்னு கேப்பாக. மறைக்காமச் சொல்லுங்க."

அய்யா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.