உப்புப் பார்க்கிற நாக்கு

மார்ச் 3, திங்கள்
என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனமாகிவிட்டதாம். காலை அமுக்கினால் குழி விழுகிறது. மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்: உப்பைக் குறைத்து, உடம்பில் கோத்த நீர் வடியாவிட்டால் கேன்டீன் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, மறுபடி ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும். முப்பது வருடம் நானூறு பேருக்குச் சமைத்து உப்புப் பார்த்த நாக்கு. அதனிடம் போய் யார் பேசுவது? நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனிதர் கடலை வெண்ணெய் புட்டியைத் திறந்து, கரண்டியோடு உட்கார்ந்துவிட்டார். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் பார்த்தேன், அவ்வளவு உப்பு. புட்டியைப் பிடுங்கிக்கொண்டு, நானே அரைத்துத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

மார்ச் 5
கடலையை வறுத்தேன், தோல் நீக்கினேன், மிக்சியில் போட்டேன். முதலில் பொடி. அப்புறம் ஒரே உருண்டையாக இறுகி நின்றது. இளகட்டும் என்று தண்ணீர் விட்டேன் – களிமண்ணாகிப் போயிற்று. அவர் எட்டிப் பார்த்தார். "குளியலறைச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு, பூசிடலாமா?"

மார்ச் 6
தண்ணீரே ஆகாது. சூடு ஆறுவதற்குள் அரைத்து, மிக்சிக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து ஓட்டினால் கடலை தானே எண்ணெய் விடுகிறது. பளபளவென்று வந்தது. உப்பு ஒரு துளிகூடப் போடவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்தார். நன்றாக இருந்தால் ஏன் மூட வேண்டும்?

மார்ச் 9
மருந்துக் கடையில் சோடியம் குறைந்த உப்பு கேட்டேன். வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடைக்காரர் விசாரித்தார். சொன்னதும் பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அந்த மாத்திரையோடு இந்த உப்பிலுள்ள பொட்டாசியம் சேரக் கூடாதாம். சரி, குறுக்குவழி கிடையாது. அரைப்பேன்.

மார்ச் 14
நான்காவது புட்டி. ஆனால் அவர் எடை நேற்றைவிட ஒன்றரைக் கிலோ கூட. எப்படி? புட்டியின் வாயோரம் உப்புக் கல் ஒட்டியிருந்தது. நான் தையல் கடை வேலைக்குப் போனதும் கலந்து வெச்சிருக்காரு. யாரை ஏமாத்துறாரு? கை வலிக்க வலிக்க யாருக்காக அரைக்கிறேன் நான்?

கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாலு புட்டி அரைச்சிருக்க. ஒரு கரண்டி நீ சாப்பிட்டியா? நான் வாயில வெக்காத எதையும் கேன்டீன்ல வெளிய அனுப்பினதே இல்ல."

அவரிடம் பிடுங்கிய அந்தப் புட்டி, கடையில் என் மேசை இழுப்பறையில் பாதி காலியாகிக் கிடக்கிறது. டீ நேரத்துக்கு பிரெட்டில் தடவி நான்தான் தின்கிறேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 15
இழுப்பறையைக் காலி செய்தேன். வீட்டுப் புட்டியை முதல் தடவையாகச் சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது, வாய் திறந்து சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடலையை நான் வறுத்தது போதாது என்றார். இன்னும், இன்னும் என்று சிவக்க வறுக்க வைத்தார். கொஞ்சம் மிளகு, எலுமிச்சைத் தோல் சீவல். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். உப்பைத் தேடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தட்டு காலி.

இனி இந்த வீட்டில் அவருக்கொன்று எனக்கொன்று இல்லை.

மார்ச் 22
அவர் எடை இரண்டு கிலோ குறைவு. கடலை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்
மருத்துவர் அரை நாள் வேலைக்கு அனுமதித்துவிட்டார். காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, வீக்கத்தால் இத்தனை நாள் நுழையாத ஷூவுக்குள் காலை விட்டார், போயிற்று. நாடா கட்டிவிட நான் குனிந்தேன். "விடு, நானே கட்டிக்கிறேன்" என்றார். குனிந்து இரண்டு காலுக்கும் கட்டினார். மூச்சு வாங்கவில்லை.