ஜனவரிச் சேர்க்கை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். மூன்று நாள் முன்பு துவைத்த சுடிதார் இன்னும் ஈரம்.

எஸ்டேட் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தபோது தபால். கூட்டுறவு வங்கியில் உதவியாளர் வேலை. தேர்வாகிவிட்டேன்! அடுத்த திங்கள் சேலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு.

கொண்டுபோக வேண்டியவை:
பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட். இருக்கிறது.
சாதிச் சான்றிதழ். இருக்கிறது, ஓரத்தில் எலி கடித்தது.
தபால் வழியில் படித்த பி.காம். பட்டம். இருக்கிறது.
சேர்ந்த நாளில் அந்தப் பல்கலைக்கும் படிப்புக்கும் அங்கீகாரம் இருந்ததற்கு ஆதாரம். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “கரஸ்ல படிச்சதுங்களா? இப்ப அதையெல்லாம் நொம்ப நோண்டறாங்களாமுங்க. எங்க மச்சினன் பையனத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க.” அந்த வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க.

அப்பாவிடம் போனில் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். சாயங்காலம் பஸ் ஏறினால் கண்டக்டரே வாழ்த்துகிறார். எங்கள் ஊர் வாழவந்தி முழுக்க அப்பா தண்டோரா போட்டாயிற்று. இனி வேலை இல்லை என்று ஆனால் எந்த முகத்தோடு அந்த பஸ்ஸில் ஏறுவது?

ஜூன் 10, செவ்வாய்

தூறல். சேலத்தில் நானும் தோழி நஸ்ரினும் ஞாயிறு வகுப்புக்குப் போன படிப்பு மையத்துக்கு போன். உபயோகத்தில் இல்லை.

பல்கலைக்குப் பதினோரு தடவை. பன்னிரண்டாவதில் ஒருவர் எடுத்தார்.

“அங்கீகாரம் இருக்குதும்மா. நடுவுல கொஞ்ச நாள் இல்ல. இப்ப இருக்குது.”

“நடுவுலன்னா எப்பங்க?”

“அது ஃபைல் பார்க்கணும்.” கட்.

நடுவில் கொஞ்ச நாளாம். என் மூன்று வருஷம் அந்தக் கொஞ்ச நாளில் விழுந்திருந்தால்? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பல்வலி என்று அம்மாவிடம் பொய்.

ஜூன் 11, புதன்

மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரசுத் தளத்தைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தேன். பரீட்சைக்குக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. எனக்குப் புரிந்தது, மறக்காமலிருக்க:

பல்கலை என்று சட்டப்படி இருப்பது ஒரு விஷயம். குழு நேரில் வந்து, வாத்தியார் இருக்கிறார்களா, நூலகம் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் போடுவது இன்னொன்று. அந்தத் தரத்துக்குக் கெடு உண்டு. தொலைதூரப் படிப்பு நடத்த அனுமதி தனி. அதையும் ஜூலைச் சேர்க்கை, ஜனவரிச் சேர்க்கை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் சேருகிற அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பட்டத்தை வைத்து அரசு வேலையும் கிடையாது, மேல்படிப்பும் கிடையாது.

மலை ஏறுகிற பஸ்ஸுக்கு எடுக்கிற தகுதிச் சான்று, எஃப்.சி. மாதிரிதான். வண்டி ஓடுகிறது என்பதால் எஃப்.சி. இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாங்கள் என்ன பார்த்துச் சேர்ந்தோம்? வாசல் ஃப்ளெக்ஸில் ஆள் உயரத்துக்கு ‘ஏ கிரேடு’. எந்த வருஷத்து ஏ என்று கேட்கத் தோன்றவில்லையே, மண்டு!

பழைய வருஷ அனுமதிப் பட்டியலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மழை, நெட் இல்லை. நாளைக்கு நஸ்ரினின் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டியதுதான். ஏரிப் பக்கத்து டவுன் பள்ளியில் பன்னிரண்டு வரை ஒரே பெஞ்ச். பி.காம். சேர என்னை இழுத்ததே அவள்தான். அவள் ஜூலையில் சேர்ந்தாள். நானும் சேர்ந்திருக்க வேண்டியது. அப்பா விடவில்லை. மார்கழி முடிய காபிப் பழம் பறிக்க ஆள் வேண்டும் என்றார். “படிப்பு எங்க கண்ணு ஓடிப் போவுது? பழம் கொட்டிப் போயிரும்.” நாலு நாள் அப்பாவிடம் பேசவில்லை. பறிப்பு முடிந்துதான் ஜனவரிச் சேர்க்கையில் சேர்ந்தேன். நஸ்ரின் எனக்கு ஆறு மாசம் சீனியர். அவள் முடித்த நோட்டுகளை வைத்தே கரையேறினேன்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டது. ஏரி ஓரம் நஸ்ரினின் அத்தா கடை: முன்னால் மிளகு, பட்டை, உள்ளே ஜெராக்ஸ் மிஷினும் நஸ்ரினும்.

எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வேறு. அவள் பதறவே இல்லை. “இரு” என்றாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதிலிருந்து ரெண்டு தாள்.

அந்த வருஷத்துப் பட்டியல்! எங்கள் பல்கலை, எங்கள் பி.காம். ஜனவரிச் சேர்க்கை: அனுமதி உண்டு.

கத்திவிட்டேன். மிளகு வாங்க வந்த டூரிஸ்ட் அம்மா பயந்துபோனார். நஸ்ரினைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளி, தாளைப் பையில் போட்டு, நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்பாடா.

பஸ்ஸில் தாளை மறுபடி எடுத்தேன், சும்மா பார்த்து ரசிக்க. மேல் வரி இப்போதுதான் கண்ணில் பட்டது. ஜூலைச் சேர்க்கை: அனுமதி இல்லை.

ஜூலையில் சேர்ந்தவள் நஸ்ரின்.

ஜூன் 14, சனி

நேற்று எழுதவில்லை. முடியவில்லை.

தாளின் அடியில் அச்சிட்ட தேதி இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முந்தியது. எனக்கு அப்போது கடைசிப் பரீட்சை பாக்கி. ஜனவரி வரியின் ஓரத்தில் பென்சிலில், பொடி எழுத்தில், என் பேர்: ‘சுகந்தி. சரி.’

எனக்காக எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள். ஜூலை வரி பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

போன் பண்ண நாலு தடவை எடுத்து வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

சேலம், வெயில். காலை ஆறேகால் பஸ். அப்பா வெள்ளைச் சட்டையில் கூடவே வந்தார்.

சரிபார்க்கிற மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எப்ப சேர்ந்தீங்க?”

“ஜனவரிச் சேர்க்கைங்க.”

பட்டியலை விரலால் தடவினார். அவர் கம்ப்யூட்டரிலும் பார்த்தார். டிக். “ஒரு சேர்க்கை முன்னாடி வந்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. போய்ட்டு வாங்க, ஆர்டர் வீட்டுக்கு வரும்.”

அவ்வளவுதான்! வெளியே வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், பொய்ப் பல்வலி உட்பட. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். அப்புறம், “நான் அப்பவே சொன்னனல்ல சாமி, பழம் பறிச்சுட்டுப் போன்னு!” இனி இதை மலை முழுக்கச் சொல்வார். சொல்லட்டும். இருபது கொண்டை ஊசி வளைவும் சிரித்துக்கொண்டே ஏறினேன். நஸ்ரின் ஞாபகம் வரும்போது மட்டும் சிரிப்பு நின்றது.

ஜூன் 17, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து நேராகக் கடைக்கு. கேட்டேவிட்டேன்.

“ரெண்டு வருஷம் முந்தி ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் போனனல்ல, அங்கதான் தெரிஞ்சுது. பட்டம் செல்லாதுன்னுட்டாங்க. அன்னிக்கே உன்னோடதையும் பார்த்துட்டேன். சரியா இருந்துச்சு.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“சொன்னா நீ பரீட்சைய விட்டுட்டு ஓடியிருப்ப. பயந்தாங்கொள்ளி. அப்புறம் ஆளாளுக்கு வந்து ஐயோ பாவம்பாங்க, அதுக்கு யாரு பதில் சொல்றது? மூஞ்சிய அப்படி வெக்காத. போன ஜூலைல வேற பல்கலைக்கழகத்துல மொதல்ல இருந்து சேர்ந்துட்டேன். பட்டியலப் பார்த்துட்டுத்தான் ஃபாரமே வாங்கினேன். ஒரு வருஷம் முடிஞ்சுது.”

மூன்று வருஷப் படிப்பை மறுபடி. அதைப் பட்டை எடை போட்டுக்கொண்டே சொல்கிறாள். அவள் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அவளுக்கு வழி இருக்கிறது என்கிற நிம்மதியும்தான். “அழுதது போதும், என்ர நோட்டெல்லாம் திருப்பிக் குடுடி. எனக்கு இப்ப மறுபடி வேணும்.”

வீட்டுக்கு வந்ததும் பரண் மேல் ஏறினேன். நோட்டு ஏழு. ஆறு கிடைத்தது. காஸ்டிங் பாட நோட்டு மட்டும் காபி மூட்டைக்கு அடியில், அட்டை ஈரமாகி. அடுப்பு ஓரம் காய வைத்திருக்கிறேன். ஏழிலும் முதல் பக்கத்தில் ‘எம். நஸ்ரின், பி.காம்.’ என்று அவள் எழுதியபடியே இருக்கிறது.